மாப்பிள்ளை அனுப்பிய தலை டோர்ச்

பூண்டுலோயா

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திலக்ஷன் அவர்களுக்கு, மாமனார் மாயாண்டி எழுதுவது. இங்கு நானும் ராசம்மாவும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் நிலக்ஷியும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. "மாப்பிள்ளைய ஏசிப்புடாதீங்க" என்று உங்கள் மாமியார் பக்கத்திலேயே காவல் இருக்கிறாள். ஏசவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

ரோட்டோரத்து லீக்ஸ் பாத்தியைக் காட்டுப்பன்றி கிண்டுகிறது, சுடுவதற்குப் பெர்மிட் துவக்கு இருக்கிறது, பொழுது சாய்ந்தால் கண்தான் தெரியவில்லை, ஒரு டோர்ச் அனுப்புங்கள் என்றுதானே சொன்னேன்? நீங்கள் போனில் வீடியோவாகப் பார்த்து, பட்டாளத்துக்காரன் மாட்டுகிற மாதிரி ஒன்றை அனுப்பினீர்கள். "துவக்குல டோர்ச் கட்டுனா பாக்குற ஆளையெல்லாம் குறி வைக்கணும் மாமா, தலையில மாட்டுங்க" என்றீர்கள். அது நியாயம்தான். ஆனால் கடையிலேயே பலமான வெளிச்சமாகத் தேடி வாங்கினீர்களே, கொழும்புக்குப் போனதும் நம் ஊர்ப் பனிமூட்டம் மறந்துபோச்சா? போட்டதும் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர். அந்தப் பக்கம் பன்றி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாததைச் சுட நான் என்ன மடையனா?

"செவப்பு லைட் இருக்கு மாமா, அமுக்கிப் பிடிங்க" என்று நீங்கள் சொன்னது நினைவு வந்தது. ரோட்டில் ஏறி நின்று அமுக்கினேன். அது மின்னி மின்னி எரிய ஆரம்பித்தது, நிறுத்தத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. புள்ளத்தாச்சி கை காட்டினாலும் நம் லயத்து வீடுகளடியில் நிற்காத அந்த பஸ், கிறீச்சென்று என் காலடியில் நின்றது! தலையில் சிவப்பு விளக்கு, கையில் துவக்கு, செக்பொயின்ட் என்று நினைத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சனம் முழுக்க இறங்கி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது. யுத்தம் முடிந்து எத்தனை வருஷம்? இன்னும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறதே! முதல் ஆள் யார் தெரியுமா? உங்கள் அப்பா! டோர்ச்சில் கண் கூசியதில் என்னைத் தெரியவில்லை. "எஸ்டேட்தாங்க ஐயா, கார்டு இருக்குங்க" என்று என் முன்னாலேயே கூனிக் குறுகி நிற்கிறார். "சம்பந்தி, நாந்தாங்க" என்றேன். அன்றிலிருந்து என்னோடு அவருக்குப் பேச்சில்லை.

டிரைவர் பொலிஸில் சொல்லிவிட்டான். விசாரணை முடியும்வரை துவக்கு அங்கேதான், பெர்மிட் மிஞ்சுமோ தெரியாது. வருகிற கிழமை லீக்ஸ் ஏற்ற லொறி வரும். அதற்குள் பன்றி பாத்தியை முடித்துவிடும். எங்கள் இரண்டு பேர் உழைப்பு மாப்பிள்ளை! டோர்ச்சைத் திருப்பி அனுப்புகிறேன், நீங்களே மாட்டிக்கொண்டு கொழும்பு ரோட்டில் நில்லுங்கள்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். கோபம் டோர்ச் மேல்தான்.

இப்படிக்கு,
மாமனார் மாயாண்டி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ராசம்மா அந்த டோர்ச்சைப் பாத்தியில் நிற்கிற வைக்கோல் பொம்மையின் தலையில் மாட்டி, சிவப்பை மின்ன விட்டுவிட்டாள். பன்றி எட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸும் பொழுதுபட்டால் லயத்தடியில் தவறாமல் நிற்கிறது. நேற்று உங்கள் அப்பா அதில் வந்து இறங்கி, நம் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்: "தோட்டத்து மேல்பிரிவுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க சம்பந்தி, அங்கயும் பஸ் நிக்க மாட்டேங்குது." சிவப்பு நன்றாக மின்னுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.