தூக்கி வெளியே போடப்பட்ட பட்டார் சார்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். ஐந்தையும் படிக்க வைத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் ஊர்ப்பெயரைக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், எனக்கு அது போதும். இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் ஆயுசில் எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் தன்னைத் தூக்கி வெளியே போடச் சொல்லி நாலு பெண்களைக் கெஞ்சிய ஆண்பிள்ளை இந்தக் காவிரிக் கரையில் பட்டார் சார் ஒருவர்தான்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பேர் வைத்திருப்பார்கள். அது யாருக்கும் தெரியாது. சீர்காழிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து, வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வயது இருக்கும். உடம்பு, இறுக்கித் தைத்த நெல் மூட்டை. நாமெல்லாம் 'சாப்பிட்டேன்' என்போம். அவர் 'என்னால் சாப்பிடப்பட்டது' என்பார். அந்தத் தமிழைக் கேட்டு ஊர்க்காரர்கள் வைத்ததுதான் பட்டார் என்கிற பேர்.

முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவருக்குக் கண்ணாடி டம்ளரில் மோர் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சார்?"

"வேணாம்மா. முழுசும் என்னால் குடிச்சு முடிக்கப்பட்டது."

"டம்ளர் எங்க?"

"அதுவும் என்னால் கீழே போடப்பட்டது."

எட்டிப் பார்த்தால் டம்ளர் சுக்கு நூறாகக் கிடக்கிறது. "ஏன் சார், நான் போட்டுட்டேன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்லலாம்மா. ஆனா அடிபட்டது நானா, டம்ளரா? பாவம், அதைப் பத்தித்தானே முதல்ல பேசணும்?"

இந்த மாதிரி ஆளிடம் என்ன சண்டை போடுவது? என் விதைநெல் கொட்டகையை வகுப்புக்குக் கொடுத்தேன். எனக்கும் காரியம் இருந்தது. என் கடைக்குட்டி கலா கும்பகோணத்தில் நர்சாக இருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயார். இங்கிலீஷ் பரீட்சையில் பேசித் தேற வேண்டும், அவ்வளவுதான். அவளோ இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டாள். இன்னும் ஒரு தடவைதான் பார்ப்போம், அப்புறம் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

கலா தடுக்கி விழுந்த இடம் எது என்று பட்டார் சார் எனக்கே விளக்கினார். இங்கிலீஷில் சில வினைகளுக்கு வால் உண்டாம். 'லுக்' என்றால் பார்ப்பது. அதன் பின்னால் 'ஆஃப்டர்' ஒட்டினால் கவனித்துக்கொள்வது. 'த்ரோ' என்றால் எறிவது; 'அவுட்' ஒட்டினால் வெளியே தள்ளுவது. ஆஸ்பத்திரியில் செய்தவர் யார் என்பது பெரிதில்லை, நோயாளிக்கு என்ன நடந்தது என்பதுதான் பெரிது. அதனால் நோயாளியை முன்னால் வைத்து வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவேண்டும். திருப்புகிற அவசரத்தில் நம் பிள்ளைகள் வாலை விட்டுவிடுகிறார்கள். நோயாளி நன்றாகக் கவனித்துக்கொள்ளப்பட்டார் என்று சொல்ல வந்த கலா, நோயாளி நன்றாகப் பார்க்கப்பட்டார் என்று முடித்துவிட்டாளாம்.

"வண்டி மாட்டைத் திருப்பினா, வாலை அங்கயே விட்டுட்டு வருமாம்மா? வாலும் கூடத்தானே திரும்பும்?" என்றார். எனக்கே புரிந்துவிட்டது. கலாவுக்கும் வீட்டில் புரியத்தான் செய்தது. எதிரில் முறைப்பாக ஒரு ஆள் உட்கார்ந்தால்தான் வாய் பூட்டிக்கொண்டது.

பட்டார் சார் பாடத்தைக் கரும்பலகையோடு விடமாட்டார். எல்லாவற்றையும் செய்து காட்டவேண்டும். செய்கிறவர்கள் பிள்ளைகள், செய்யப்படுகிறவர் எப்போதும் அவர். 'ஹெல்ட் அப்' என்றால் தாமதப்படுத்தப்படுவது என்று சொல்லி, வாசலை மறிக்கச் சொன்னார். அவர் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. பாடம் நன்றாக வந்தது என்று சந்தோஷமாக அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்.

இன்னொரு நாள் 'டைடு அப்'. வைக்கோல் பிரியால் அவரைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டு அத்தனை பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள். கன்றுக்குட்டிக்குத் தவிடு எடுக்கப் போனவள் பார்க்கிறேன், தூணில் வாத்தியார்.

"ஐயையோ, அவிழ்க்கட்டுமா சார்?"

"விட்டுவிடப்படுறது நாளைக்குப் பாடம்மா."

"நாளைக்கு நடத்திக்குங்க. இப்போ கையைக் காட்டுங்க" என்று நானே அவிழ்த்துவிட்டேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோதுதான் பெரிய பாடம் வந்தது. குறுவை அறுத்து, நெல்லைக் கொட்டகை வாசல் ரோட்டில் காயப் போட்டிருந்தோம். நான் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே, "நல்லாத் தூக்கிப் போடுங்கம்மா, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்" என்று சார் குரல் கேட்டது. உள்ளே இருந்தது என் கலாவோடு நாலு பெண்கள், நாலு பேரும் நர்சுகள். கட்டிலிலிருந்து நோயாளியைப் பெட்ஷீட்டோடு தூக்கி மாற்றிப் பழகிய கைகள். சாரைப் பெட்ஷீட்டில் படுக்க வைத்து, நாலு முனையையும் பிடித்து, ஒரு ஆட்டு ஆட்டி விட்டார்கள் பாருங்கள், வாசலைத் தாண்டி என் நெல்லுக்கு நடுவில் வந்து விழுந்தார். ரோடே ஒரு தரம் அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா என் கொழுந்தனார் வயலிலிருந்து மொபெட்டில் வரவேண்டும்? எங்கள் பெண்களுக்கு அவரைக் கண்டாலே கிலி. வண்டியைச் சாய்த்துவிட்டு மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"யோவ்! பொம்பளப் பிள்ளைங்க சேர்ந்து தூக்கி எறியுற அளவுக்கு என்னய்யா பண்ணுன?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. எல்லாம் எனக்குத்தான் பண்ணப்பட்டது."

"யாரு பண்ணுனா?"

"அது முக்கியம் இல்லைங்க."

கொழுந்தனாருக்கு மீசை துடித்தது. "எந்திரிய்யா மொதல்ல!"

"முடியாதுங்க. நான் இன்னும் தூக்கி விடப்படலை."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. 'தண்ணி போட்டிருக்கான்' என்றார் ஒருவர். 'தண்ணி போட்டவன்கூட இப்படிப் பேசமாட்டான்' என்றார் இன்னொருவர். கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். "அண்ணி, கொட்டகையைப் பூட்டுங்க. இந்த ஆளை இப்பவே பஸ் ஏத்தி விட்டுடுவோம்."

சாரை அனுப்பிவிட்டால் கலா யாரிடம் போவாள்? "தம்பி, கோபப்படாதீங்க, இது பாடம்" என்றேன்.

"எந்த ஊர்ப் பாடம் அண்ணி இது? பாடம்னா இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுங்க, பாப்போம். சொல்லலைன்னா பூட்டுதான்."

மற்ற மூன்று பெண்களும் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். கலா மட்டும் நின்றாள். கன்னத்தில் நெல் ஒட்டிக்கொண்டு கிடந்த சார், அவளையே பார்த்தார்.

கலா மண்வெட்டியைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"சார் வாஸ் த்ரோன் அவுட். ஹி வாஸ் நாட் பீட்டன் அப். நவ் ஹி மஸ்ட் பி பிக்டு அப். அண்ட் ஹி மஸ்ட் பி லுக்டு ஆஃப்டர்!"

கடைசியைக் கத்தியே சொன்னாள்.

"ஒரு வால்கூட விழலை!" என்று நெல்லில் படுத்தபடியே கை தட்டினார் பட்டார் சார்.

கொழுந்தனார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. "ஏம்மா, என்ன சொன்ன?" என்றார், குரலைக் குறைத்து.

"சாரை வெளியில தூக்கிப் போட்டோம் சித்தப்பா. யாரும் அவரை அடிச்சுப் போடலை. இப்போ தூக்கி விடணும், நல்லா கவனிச்சுக்கணும்னு சொன்னேன்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? டேய், வேடிக்கை பாக்காம அந்தக் காலைப் பிடிங்கடா" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார். நாலு ஆம்பிளைகள் சேர்ந்து தூக்கினார்கள். சார் சட்டைப் பையில் போயிருந்த நெல்லை நான் உதறி எடுத்துக்கொண்டேன். அதை விடுவானேன்?

கலா பரீட்சைக்குப் போய்விட்டு வந்தாள். "எப்படிடி பேசுன?" என்றேன்.

"எதிர்ல உக்காந்திருந்தவங்க கையில மண்வெட்டி இல்லையேம்மா!" என்று சிரித்தாள்.

தேறிவிட்டாள் என்று போனில் வந்த அன்றைக்கு, சார் கொட்டகையில் எழுதிக்கொண்டிருந்தார். கலா ஓடிப்போய்ச் சொன்னாள். எதையாவது பட்டது, பட்டது என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். மனிதர் சாக்பீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. இலை போட்டுக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது அவர் மயிலாடுதுறையில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் வகுப்பு நடத்துகிறார். அங்கே வெளியே தூக்கிப் போட இடமில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து கலா பேசும்போது, எனக்கு உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், "சார் எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்கிறாள். பெற்றவளுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்காதா? இருந்தாலும், அவள் கேட்பாளே என்று முதல் நாளே அவருக்குப் போன் போட்டு விசாரித்து வைத்துவிடுகிறேன். அவள் பேசாத வாரமும் போடுகிறேன்.

போதும் பாப்பா, பேனாவை மூடு. எழுதினதை முதல்லேருந்து ஒரு தடவை நிறுத்திப் படி. அவரைக் குறைச்சலா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதை அடிச்சுடு.