மைனஸ் அண்ணனின் தென்துருவம்

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்தபடியே தென்துருவத்தில் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் மைனஸ் அண்ணன்தான். பக்கத்து மாவட்டத்துக் கடலூர்க் கடலைக்கூட அவர் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸ். துருவக் கடல்களுக்குப் போன ஆராய்ச்சிக் கப்பல்களின் பழைய குறிப்பேடுகள் படங்களாக வரும். காற்று, அலை, தண்ணீரின் வெப்பநிலை என்று எல்லாவற்றையும் நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினால், எந்த நாட்டு விஞ்ஞானியும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். அண்ணன் ஒவ்வோர் எண்ணையும் "மைனஸ் ஒன்னு புள்ளி அஞ்சு" என்று ஓங்கிச் சொல்லித்தான் தட்டுவார். பெயர் அப்படி வந்தது. மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர், கத்திரி வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார்.

"இன்னிக்கி பனிப்புயலும்மா. ஃபேனக் கம்மி பண்ணு" என்பார். குறிப்பேட்டில் பெரிய அலை வரும் பக்கம் என்றால், டீ டம்ளர் சாய்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்வார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். சைபர் டிகிரியில் தண்ணீர் உறைந்துவிடும் என்று நைனார்பாளையம் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கடல் தண்ணீர் எப்படி மைனஸில் இருக்கும்? கப்பல்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று, மூன்று நாள் பக்கங்களில் மைனஸையெல்லாம் எடுத்துவிட்டேன். அவை இணையத்துக்கும் போய்விட்டன.

அண்ணன் கண்டுபிடித்தார். திட்டவில்லை. பக்கத்து ஐஸ் கம்பெனிக்கு அழைத்துப் போனார். பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகள் வரிசையாக நின்றன.

"அச்சுக்குள்ள இன்னாம்மா?"

"ஐஸுங்க."

"அத்த உறைய வெக்கிறதே வெளிய கீற இந்த உப்புத் தண்ணிதான். ஐஸவுட ஜாஸ்தி குளிரு. ஆனா உறையாது. வெரல வுட்டுப் பாரு."

விட்டேன். எலும்பு வரை சுரீரென்றது. உலகத்தின் அடிக்கோடியில் இருக்கும் கடல் என் விரலைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி மலைத்து நின்றேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. அம்மாவுக்குக் கூலி வேலை; என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

திருத்தி அனுப்ப வேண்டும் என்று அண்ணன் போய்ச் சொன்னதும் ஓனர் கொதித்தார். "சின்னக் கோடு தானய்யா? தப்புன்னு சொன்னா ஆர்டரே போயிடும். அப்படியே வுட்டுடு!"

"கப்பல்ல ஒருத்தன் கை வெறச்சிக்கினு தண்ணி மொண்டு அளந்திருக்கான் சார். நாம ஃபேனுக்கு அடியில குந்திக்கினு அத்த அழிக்கிறதா?"

"சரி, பண்ணது யாரு?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அதற்குள் அண்ணன், "நாந்தான் சார்" என்றார்.

திருத்தம் போனது. ஆர்டர் போகவில்லை. ஆனால் ஓனர் கப்பல் பக்கங்களை அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பள்ளிக்கூட விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டார். தென்துருவத்தைப் பறிகொடுத்த மனிதரின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அந்த மூன்று நாள் பக்கங்கள் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் 'பதிந்தவர்' என்ற இடத்தில் அவர் பெயர். 'திருத்தியவர்' என்ற இடத்தில் என் பெயர். இரண்டு பெயரையும் தட்டியது அவர்தான். எப்போது திறந்து பார்த்தாலும், அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது எனக்கு.