குத்துவிளக்கேற்றி ஒரு லினக்ஸ் கூட்டம்

மேடைக்கு முன்னால் நாலு வரிசை நாற்காலி போட்டவன் எவனும் தன்னைப் பற்றிக் குறைத்து நினைத்ததில்லை. நான் ஒன்பது வரிசை போட்டேன். அந்த ஒன்பது வரிசையில் ஒரே ஒரு நாற்காலியில் இருந்தவருக்காகத்தான் அன்றைய கூட்டமே என்பதை மறந்தும் போனேன். இத்தனை வருடம் கழித்து அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. (இருக்கிறது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதையை மறைத்து என்ன செய்ய?)

2009இல் வேலைக்காகப் பாரிஸ் வந்து, பொண்டி என்ற புறநகரில் ஒரு சின்ன அறையில் குடியிருந்தேன். வாரம் முழுக்க அலுவலகம். சனிக்கிழமை மதியம் மட்டும் எனக்கு உயிர் வரும். அன்றுதான் எங்கள் வட்டார லினக்ஸ் பயனர் குழு கூடும். லினக்ஸ் என்றால் கணினியை இயக்கும் ஒரு மென்பொருள். விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், சத்தம் மட்டும் வராது. (அந்தக் காலத்தில் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) ஒரு சமூக நிலையத்தின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர், ஆறிய காப்பி, யாரோ வீட்டில் செய்த கேக், மேசை முழுக்க வயர். மொழி சரியாக வராத ஊரில் என்னை யாரும் விசித்திரமாகப் பார்க்காத ஒரே இடம் அது. அங்கே எல்லாருமே விசித்திரமாக இருந்ததுதான் காரணம்.

குழுவின் விதி எளிது. யார் வேண்டுமானாலும் உரை நிகழ்த்தலாம். தலைப்பு, நாலு வரிச் சுருக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதிக் குழுவின் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். ஒருங்கிணைப்பாளர் பஸ்கால் நேரம் ஒதுக்குவார். ஒடிசலான மனிதர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பேச்சாளர்களுக்குக் காட்டுவதற்காக 5, 1, 0 என்று எழுதிய மூன்று அட்டைகளை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அவருடைய முழு அதிகாரமும் அந்த மூன்று அட்டைதான்.

நான் அனுப்பிய முதல் தலைப்பு, 'லினக்ஸ்: நேற்று, இன்று, நாளை'. மூன்று மணி நேரம். பஸ்கால் ஒரே வரியில் பதில் போட்டார்: "மூன்றில் எந்த இரண்டை விட்டுவிடலாம்?"

நாலாவதாக அனுப்பிய யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். பாரிஸின் லா சப்பலில், தமிழ்க் கடைகளுக்கு நடுவே, தமிழிலேயே ஒரு தொழில்நுட்ப உரை நாள். பஸ்கால் ஒரு நிபந்தனை வைத்தார்: என்னைத் தவிர இன்னொருவரும் பேச வேண்டும்.

அப்படித்தான் தர்ஷினி வந்தாள். பிறந்து வளர்ந்தது பாரிஸ் புறநகரான லா கூர்னெவில். ஒரு நிறுவனத்தில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழுவில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், வணக்கம் சொல்வதோடு சரி. அவள் அனுப்பிய தலைப்பு, 'ஒரு சேர்வர் நாள் முழுக்க என்ன செய்கிறது?' தமிழில், நாற்பது நிமிடம், முன்னறிவு எதுவும் தேவையில்லை.

"இவ்வளவு அடிப்படையான விஷயத்துக்கு நாப்பது நிமிஷம் எதுக்குங்க?" என்று போனில் கேட்டேன். (மூன்று மணி நேரம் கேட்ட வாய்.)

"அப்பா வாறார்," என்றாள். "நான் என்ன வேலை செய்யிறன் எண்டு அவருக்கு இன்னும் விளங்கேல்லை. ஆரும் கேட்டா, பிள்ளை கம்ப்யூட்டர் கடையில நிக்கிறா எண்டு சொல்லுறார். வீட்டில நான் பிரெஞ்சில சொல்லத் துவங்க அவர் ரீவியைப் போட்டிடுவார். தமிழில ஒருக்கா முழுசாச் சொல்லோணும். அதுக்குத்தான்."

அவளுடைய அப்பா ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்ட் குசினியில் (சமையலறையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) சமையல்காரர். சனிக்கிழமை மாலை சேர்விஸுக்கு, அதாவது சாப்பாட்டு நேர வேலைக்கு, ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். ஐந்து மணிக்கு மண்டபத்தை விட்டுக் கிளம்பினால்தான் முடியும். கூட்டம் இரண்டு மணிக்கு. மூன்று மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்றேன். அவள் நம்பினாள்.

பிறகு மண்டபம் தேடினேன். அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் நகைக்கடை வைத்திருந்த ஐயா ஒருவர், சங்கங்களுக்கு விடும் மண்டபம் ஒன்றைத் தன் செல்வாக்கில் பிடித்துக் கொடுத்தார். "ஒரு சின்ன விளக்கேத்தல், ஒரு வாழ்த்துரை, வேற ஒண்டும் வேண்டாம் தம்பி," என்றார். சரி என்றேன். அழைப்பிதழில் அவர் பெயரைப் போட்டதும் நாற்காலி கொடுத்த பலசரக்குக் கடைக்காரரின் பெயரைப் போடாமல் இருக்க முடியவில்லை. அவரைப் போட்டதும் மைக் கொடுத்தவர், அவரைப் போட்டதும் அழைப்பிதழை அச்சடித்தவர். தன் பெயரைத் தானே கோத்து அச்சடித்த மனிதரை எப்படி நீக்குவது? கடைசியில் என் வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வரவேற்பு நடனம், ஏழு வாழ்த்துரை, கௌரவிப்பு என்று தாள் நிறைந்துவிட்டது. தர்ஷினியின் உரை, நன்றியுரைக்கு மேலே, பொடி எழுத்தில் இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்து எனக்குப் புல்லரித்தது. ஊரில் என் அப்பா கல்யாண வீடுகளில் பந்தி கவனிப்பதோடு சரி. நானோ பாரிஸில் விழா எடுக்கிறேன்.

இதற்கிடையில் அவளுடைய உரையைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கி, எல்லாச் சொல்லையும் தூய தமிழில் மாற்றி அனுப்பினேன். "இது அப்பாவுக்கு விளங்காது," என்று பதில் வந்தது. அடுத்த வரியில், "எனக்கே விளங்கேல்லை."

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மண்டபத்தில் நாலு பேர் இருந்தார்கள். நான், பஸ்கால், தர்ஷினி, அவளுடைய அப்பா. தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் குசினி உடுப்பு வைத்த பை. முதல் வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் மேடையை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி பக்கவாட்டில் நின்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகைக்கடை ஐயா வர இரண்டே முக்கால் ஆனது. விளக்கேற்றினோம். தலைமையுரையில் அவர் தான் பாரிஸ் வந்த கதையை விமான நிலையத்திலிருந்து தொடங்கினார். பஸ்கால் எழுந்து 5 அட்டையைக் காட்டினார். ஐயா அதைப் பார்த்துப் புன்னகைத்து, கையசைத்து, தொடர்ந்து பேசினார். 1 காட்டினார், வணக்கம் வைத்தார். 0 காட்டியபோது ஐயா விமான நிலையத்தை விட்டு இன்னும் வெளியே வந்திருக்கவில்லை.

"தம்பி, பிள்ளை எப்ப பேசுவா?" என்று தர்ஷினியின் அப்பா என்னைக் கேட்டார்.

"அடுத்து அவங்கதான் சார்," என்றேன்.

அடுத்து வந்தது வரவேற்பு நடனம். ஐயாவின் மருமகள் சலங்கை கட்டி நின்றார். பாட்டு குறுந்தகட்டில். அதை என் மடிக்கணினியில் போட்டேன். சத்தம் வரவில்லை. (சொன்னேன் அல்லவா?) கூட்டத்தில் இருந்த லினக்ஸ்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடைக்கு வந்தார்கள். ஒருவர் கட்டளை அடிப்பார், அடுத்தவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு அதை அழிப்பார். எட்டுப் பேருக்கு எட்டுக் கருத்து. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதெல்லாம் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. முப்பத்தைந்து நிமிடம். இதுதான் தொழில்நுட்ப உரை என்று நினைத்துப் பலசரக்குக் கடைக்காரர் நடுவில் கைதட்டினார். பஸ்கால் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் ஐயாவின் மருமகள் தன் கைப்பேசியில் பாட்டைப் போட்டு மைக்குக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

"தம்பி, பிள்ளை?"

"அடுத்து அவங்கதான் சார்."

வாழ்த்துரைகளில் நாலைக் கடந்தபோது மணி நாலரை. தர்ஷினி மேடையோரம் வந்து, "மிச்சத்தைப் பிறகு வைக்கலாமோ?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த நேரத்தில் நான் ஆம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நகைக்கடை ஐயா மைக்கில் என் பெயரைச் சொல்லிவிட்டார். விழா நாயகனுக்குப் பொன்னாடை. விழா நாயகன் நான்தான். இதோ வந்துவிட்டேன் என்று அவளிடம் கைகாட்டிவிட்டு ஏறினேன்.

சரிகைக் கரை போட்ட பச்சைப் பொன்னாடை. ஐயா போர்த்தினார், சபை கைதட்டியது. பணிவைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. அளவாகக் காட்டியிருக்கலாம். இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். பொன்னாடையின் ஒரு முனை பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கில் போய் விழுந்தது.

அது பட்டு இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சுருங்கி, உருகி, கறுப்பாகப் புகைந்தது. பஸ்கால் மேடைக்கு ஓடி வந்து கையில் இருந்த ஆறிய காப்பியை என் மேல் ஊற்றினார். நெருப்பு அணைந்தது. ஆனால் கூரையில் இருந்த எச்சரிக்கை மணி அலறத் தொடங்கிவிட்டது. காவலாளி கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். திரும்ப எப்போது உள்ளே விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, என்னையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார்.

நடைபாதையில் நின்றோம். லேசாகத் தூறல். ஏழு வாழ்த்துரைக்காரர்களும் கடைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். மணி நாலே முக்கால்.

"உங்களிட்ட நான் நாப்பது நிமிசம்தான் கேட்டனான்," என்றாள் தர்ஷினி. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். நான் காப்பி வழிய நின்றேன்.

அவள் அப்பாவிடம் திரும்பி, "நீங்கள் போங்கோப்பா, பிந்தப் போகுது," என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சுக்குத்தானே போகவேணும். காமணித்தியாலம் கிடக்கு. சொல்லு."

"இஞ்சையோ?"

"இஞ்சை என்ன குறை?"

பலசரக்குக் கடை வாசலில் காலியான மரக்கறிப் பெட்டிகள் கிடந்தன. மூன்றை அடுக்கி, மேலே தன் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். தூறல் அதன் மேல் விழுந்தது. நான் போய் எரிந்த பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்து மேலே பிடித்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

தயாரித்து வைத்த உரை எதையும் அவள் எடுக்கவில்லை. "அப்பா, உங்கட குசினிக்கு ஓடர் துண்டு வருதல்லோ? ஒரேயடியா முப்பது வந்தா என்ன செய்வியள்?"

"வரிசையாக் குத்தி வைப்பம். கெதியா முடியிறதை முதல்ல விடுவம்."

"அதைத்தான் இந்த சேர்வரும் செய்யுது. துண்டு எழுதுறது வெளியில இருக்கிற ஆக்கள். ஆருக்கு முதல், ஆருக்குப் பிறகு எண்டு அதுக்குச் சொல்லி வைக்கிறது நான். இஞ்சை பாருங்கோ, இந்த ஒவ்வொரு வரியும் ஒரு துண்டு."

அவர் குனிந்து பார்த்தார். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "அடுப்பு நிண்டு போனா?"

"எனக்கு போன் அடிக்கும். நான்தான் திரும்பப் பத்த வைக்கோணும்."

"ஞாயிற்றுக்கிழமையிலயும் அடிக்குமோ?"

"ஓம்."

இன்னொரு தடவை குனிந்து திரையைப் பார்த்தார். "நீ விளையாடுறாய் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றார்.

சுற்றி நின்ற லினக்ஸ்காரர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஒருவரும் நகரவில்லை. பஸ்கால் பழக்க தோஷத்தில் 5 அட்டையை எடுத்துக் காட்டினார். தர்ஷினி தலையாட்டிவிட்டு முடிக்கத் தொடங்கினாள். அன்று அந்த அட்டைக்குக் கீழ்ப்படிந்த ஒரே பேச்சாளர் அவள்தான்.

"அப்ப நீ ஒரு குசினியையே பாக்கிறாய்," என்றார் அவர். பையைத் தோளில் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "இதைச் சொல்ல ஏன் தம்பி மண்டபம்?" என்று கேட்டுவிட்டு மெத்ரோவை நோக்கி நடந்தார். சரியாக ஐந்து மணி.

அடுத்த வாரம் குழுவின் விதிகளில் ஒரு வரி கூடியது: உரையின்போது மேடையில் நெருப்பு கூடாது. யாரைப் பற்றி என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்க லா கூர்னெவ் போனேன். ரயிலில் ஒரு நீளமான உரை தயாரித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் தர்ஷினியின் அப்பா. நான் "அன்னைக்கு நடந்தது என்னன்னா" என்று ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, எனக்கு சேர்விஸ் இருக்கு. சுருக்கமாச் சொல்லுங்கோ." மன்னிச்சிடுங்க என்றேன். சரி, உள்ளே வாங்கோ என்றார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் லா சப்பலில் மாதம் ஓர் உரை நடத்தினோம். மண்டபம் இல்லை, விளக்கு இல்லை, ஒரு தேநீர்க் கடையின் மூலை மேசை, பதினைந்து நிமிடம். கடைக்காரர்கள் பழைய கணினிகளைச் சரிபார்க்கக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து கேட்பார்கள். நகைக்கடை ஐயாகூட ஒரு தடவை பேசினார், பஸ்காலின் அட்டைக்குப் பயந்து பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். இப்போது குழு இல்லை. பஸ்காலும் இல்லை. அவர் போனபின் அந்த மூன்று அட்டைகளை அவருடைய மகள் எங்களுக்குத் தந்தார். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. அந்தச் சனிக்கிழமைகள் திரும்ப வந்தால் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்பேன்.

எங்கள் வீடு என்றேன். ஆமாம், தர்ஷினி என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் கல்யாண மேடையில் நான் நன்றி சொல்ல மைக்கை வாங்கியதும் அவளுடைய அப்பா, இனி எனக்கு மாமா, எழுந்து, "எனக்கு சேர்விஸ் இருக்கு," என்றார். மண்டபமே சிரித்தது. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஐந்து வருடமாகிறது. இன்றும் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், கடிகாரம் கட்டாத கையைப் பார்த்துக்கொண்டு அதையே சொல்லி எழுந்துபோவார். என் மகளும் கற்றுக்கொண்டாள். வீட்டுப்பாடம் சொல்லித்தர உட்கார்ந்தால் போதும், அவளுக்கும் சேர்விஸ் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். நகைக்கடை ஐயா விமான நிலையத்தில் நிற்கும் இடத்தில் மாமா எழுந்துவிட்டார். மரக்கறிப் பெட்டி வந்தபோது வாசற்படியில் நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றே கேட்டார்.

"தம்பி, ஒண்டு சொல்லோணும்," என்றார். "அண்டைக்கு நீங்கள் பிள்ளைக்கு நாப்பது நிமிசமும் குடுத்திருந்தா எனக்கு ஒண்டும் விளங்கியிராது."

அந்த நாற்பது நிமிடம் பத்து வருடத்துக்கும் மேலாக நான் சுமந்துகொண்டிருந்த பாரம். மாமா, உண்மையில் அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்றால், என்று ஆரம்பித்தேன்.

தர்ஷினி எழுந்துபோய்க் குளிர்பெட்டிக் கதவிலிருந்து 0 அட்டையை எடுத்துக் காட்டினாள்.