மாப்பிள்ளை போட்ட ஊசிச் சட்டம்

தேவாலா,
9.7.2021

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை விஜயன் அவர்களுக்கு, மாமனார் தங்கவேலு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் மருதாயியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், மழைக்கு மட்டும் அடங்கி இருக்கிறோம். திருப்பூரில் நீங்களும், என் மகள் ரேணுகாவும், நான் இன்னும் நேரில் பார்க்காத என் பேத்தியும் சகல சுகத்தோடு இருக்க மாரியம்மன் துணை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் எங்கள் லயத்துக்கு டவர் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அது இருக்கும்போது, நான் முக்கியமான விஷயத்துக்கு வந்ததும் உங்களுக்குக் கம்பெனியில் அவசர வேலை வந்துவிடுகிறது. ஆகவே கடிதம்.

நீங்கள் போட்ட கொரோனா ஊசி நிபந்தனையை நிறைவேற்றிவிட்டேன். "ஊசி போடாம வந்தீங்கன்னா ஜன்னல் வழியாத்தான் மாமா குழந்தையப் பாக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொன்னீர்கள். தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். அதற்காக மருதாயி கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டு வைத்திருந்தாள். ஊரடங்கு வந்தது, ரேணுகாவால் மலை ஏற முடியவில்லை. நாங்களாவது இறங்கி வரலாம் என்று கூடலூர் கம்ப்யூட்டர் கடையில் இ-பாஸ் கேட்டால், கல்யாணம், சாவு, வைத்தியம் மூன்றுக்குத்தான் கிடைக்கும், பேத்தி முகம் பார்க்கவெல்லாம் கிடையாது என்றார்கள். கடைக்கார ரஃபி நல்ல மனுஷன். "சாவுன்னு போட்டுரலாமுங்க, யார் பேரு போடட்டும்?" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மருதாயி, "இவரு பேரையே போடுங்க, நான் மட்டும் போய்ட்டு வர்றேன்" என்றாள். பாஸ் வாங்காமல் திரும்பினோம். நீங்கள் வீடியோவில் குழந்தையைக் காட்டினீர்கள். அவள் கொட்டாவி விட்ட இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து என் பேத்தி எனக்கு ஒரு கொட்டாவிதான். மனசு அடித்துக்கொள்கிறது மாப்பிள்ளை, வேறென்ன சொல்ல.

இதில் எனக்கு இருந்த ஒரே சங்கடம், உங்கள் அறிவுரை இரண்டாக இருந்ததுதான். சித்திரை மாதத்தில் குடும்ப குரூப்பில், ஊசி போட்ட கையில் காந்தம் மாதிரி ஸ்பூன் ஒட்டிக்கொள்கிறது என்று படத்தோடு அனுப்பினீர்கள். படித்த மாப்பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் அதை நான் சத்தம் போட்டு வாசித்தேன். கங்காணியான என் வாயால் கேட்டதும் எஸ்டேட் முழுக்க நம்பிவிட்டது. அப்புறம் குழந்தை பிறந்ததும் ஊசி போட்டால்தான் உள்ளே என்று சட்டம் போட்டீர்கள். அதற்குள் இங்கே ஊசி என்ற பேச்சை எடுத்தாலே பெண்கள் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு எழுந்து போகிற நிலைமை. வாசித்த வாயாலேயே மறுத்துச் சொன்னால் கங்காணிக்கு என்ன மரியாதை மிஞ்சும்? உங்கள் பெயரும் அல்லவா கெடும்?

அதனால் பொது நலன் கருதி ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கள் எஸ்டேட்டில் யானை வந்தால் வாட்சர் ஒச்சப்பன் தகரத்தைத் தட்டுவார். கேட்டவர்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடி இரும்புக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், இதுதான் பழைய நடைமுறை. இப்போது ஊசி ஜீப் வந்தாலும் தகரம் தட்டுவது, அதற்கு மட்டும் கீழே வராமல் மேல்மலைத் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொள்வது என்று சொல்லிவைத்தேன். ரெண்டுக்கும் ஒரே தகரம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஜீப் வந்த போதெல்லாம் வெற்றிதான். மலையாளத்து நர்ஸ் எல்சா ஐஸ் பெட்டியோடு வந்து, மழையையும் மூடிய வீடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். எங்கள் ஆட்கள் தேயிலைக்குள்ளிருந்து எழுந்து வருவார்கள். சின்ன ஊசிக்குப் பயந்து போனவர்கள், தலைக்கு ஒரு டஜன் அட்டைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை எல்சா ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, குறுக்குப் பாதையில் நடந்து வந்து சத்தமில்லாமல் மடுவத்துக்குள் உட்கார்ந்துவிட்டார். இது எங்களுக்குத் தெரியாது. அதே நேரம் மேல்மலைப் பலாமரத்துக்கு யானை வந்திருக்கிறது, குட்டியோடு. ஒச்சப்பன் கடமை தவறாமல் தகரத்தைத் தட்டினார். ஊசிதான் வந்துவிட்டது என்று நாங்கள் அத்தனை பேரும் மேல்மலைக்கு ஓடினோம். ஒச்சப்பன் கீழேயிருந்து "யானைங்க கங்காணி, நெசமான யானைங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். "சரி சரி, தட்டுனது போதும்" என்று நான்தான் கையைக் காட்டிவிட்டு முன்னால் போனேன். பலாமரத்துக்கு அந்தப் பக்கம் என்ன நின்றது என்பதை எழுதினால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. எல்லோரும் விழுந்தடித்து இறங்கி மடுவத்துக்குள் பாய்ந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் எல்சா.

"எல்லாரும் ஒண்ணா வந்தல்லோ. நல்லது, வரிசையா இரிங்க" என்றார்.

வெளியே பலாப்பழம் உடைபடுகிற சத்தம் கேட்கிறது. உள்ளே எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் கூரையைப் பார்த்தேன். எல்சா ரொம்ப மரியாதையாக, "நிர்பந்தம் ஒண்ணும் இல்ல சேட்டா, ஊசிக்குப் பயம் இருந்தா கதவத் திறந்து போகலாம்" என்றார். அப்போது மருதாயி எழுந்து புடவைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டி, "எனக்குப் போடு தாயி. என் பேத்திய நான் தூக்கணும். இவருக்கு வேணும்னா ஜன்னல் போதும்" என்றாள். மாப்பிள்ளை, யானைக்காக நான் ஊசி போட்டுக்கொண்டதாக இங்கே சில பேர் பேசுகிறார்கள். உங்கள் காதுக்கும் வரலாம். அடுத்த கை என்னுடையது, அது நானாக நீட்டியது. என் பின்னால் லயமே வரிசையில் நின்றது. யானை அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் போனது, அதுவும் உண்மை.

ஒரு நாள் காய்ச்சல் இருந்தது, கஞ்சியில் போய்விட்டது. மருதாயி தண்ணீருக்குப் போன சமயம் பார்த்து ஸ்பூனைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் எனக்கு முன்னாடியே பார்த்துவிட்டாளாம்.

பஸ் விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். இத்தனை நாள் தாமதித்ததற்கும், உங்கள் சொல்லில் ஒரு கணம் சந்தேகப்பட்டதற்கும் இந்த மாமனை மன்னிக்க வேண்டும். உங்களைப் போல முன்யோசனையும் தைரியமும் உள்ள மாப்பிள்ளை கிடைத்தது நாங்கள் செய்த புண்ணியம். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத மாமனார்,
க. தங்கவேலு

பி.கு.: இதைக் கவரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும். தபாலாபீசுக்குப் போகிற வழியில், டவர் கிடைக்கும் வளைவில் ரேணுகா போனில் கூப்பிட்டாள். நாங்கள் ஊசி போட்ட செய்தி எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. "அவரு இன்னும் ஊசி போடலப்பா. கம்பெனியில முகாம் வச்ச அன்னைக்கு வயித்து வலின்னு படுத்துக்கிட்டாரு. உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா, ஸ்பூன் ஒட்டுச்சான்னு கேட்டுச் சொல்லச் சொன்னாரு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா அப்புறமா போட்டுக்கலாம்னு இருக்காராம்" என்றாள். கவரை ஒட்டிவிட்டேன், பிரித்தால் கிழியும். எனவே உள்ளே மன்னிப்பு, புண்ணியம், தைரியம் என்று வரும் இடங்களை நீங்களே பேனாவால் அடித்துக்கொள்ளுங்கள். ஸ்பூனைப் பற்றி எழுதியதையும் நம்ப வேண்டாம், நேரில் பேசுவோம். சட்டம் உங்களுடையது, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்ததும் நீங்கள் வெளியே வந்து நின்றுகொள்ளுங்கள். மழை பெய்தால் என் குடையைத் தருகிறேன். குழந்தையை ஜன்னல் வழியாக நான் காட்டுகிறேன்.