மிளகு மன்னரின் ஒரு முழக் கையெழுத்து

மனிதனுக்கு வால் உதிர்ந்து பல லட்சம் வருஷம் ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? உதிரவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இணையத்தில் நாலு பேர் கூடிப் பேசும் ஏதாவது ஒரு மன்றத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஒருவர் "ஆமாங்க" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருப்பார். அதற்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குப் படம் தொங்கும்: கழுகு, நெருப்பு, கறுப்புக் கண்ணாடி போட்ட அவர் முகம், மினுக்கும் எழுத்தில் அவர் பெயர், பெயருக்கு மேலே அவரே சூட்டிக்கொண்ட பட்டம். கையெழுத்துப் படமாம். எது எழுதினாலும் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதை வைத்திருப்பவர்தான் நம் வால்காரர்.

ஏற்காட்டு மலையில் இந்த இனம் நன்றாகவே விளைகிறது. குளிர் ஒத்துக்கொள்கிறது போல. மஞ்சக்குட்டை தனபாலையே எடுத்துக்கொள்ளுங்களேன். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு ஓய்வு பெற்று, மனைவி மேனகாவின் அப்பா விட்டுப்போன மிளகுத் தோட்டத்துக்கு மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியில் முதலாளி ஆனவர். சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் அறுபது கொடியையும் ஒவ்வொன்றாகத் தெரிந்தவள் மேனகா. தனபாலுக்குத் தெரிந்தது மலை விவசாயிகளின் இணைய மன்றம்.

அங்கே சேர்ந்த முதல் வாரம் மனிதர் ஒழுங்காகத்தான் இருந்தார். கெடுத்தது மாரமங்கலம் கிறிஸ்துதாஸின் காட்டெருமை. கிறிஸ்துதாஸ் "சரி" என்று எழுதினால்கூட அதற்குக் கீழே அது தலையை ஆட்டி ஆட்டிப் புகைவிட்டது. தனபாலுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஜீப் பிடித்துக் கரடியூர் போய், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதம் போனில் விரல் தேய்ந்தது. பதினேழு மாதிரிகள். கொடிக்குக் கோழி எரு போட வேண்டிய நாளில் பெயருக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, கழுகு எடது பக்கம் பாத்தா எடுப்பா இருக்குதா, வலது பக்கமா?"

"எந்தப் பக்கம் பாத்தா களை புடுங்குமோ, அந்தப் பக்கம் பாக்கச் சொல்லுங்க."

கழுகு இடது பக்கம் பார்த்தது. 'மிளகு மன்னர் தனபால்' பிறந்தார்.

ஆடி மழை விடாமல் ஒரு வாரம் அடித்தது. மேனகா நனைந்துகொண்டே வந்து ஒரு இலையை அவர் மடியில் போட்டாள். மஞ்சள் பாய்ந்து, நடுவில் கறுப்புப் பொட்டு.

"ஏனுங்க, கீழ்க்காட்டுல ஆறு கொடி எலை கொட்டுதுங்க. எங்கப்பன் இருந்தவரைக்கும் இப்படி ஒண்ணு நான் கண்டதில்ல. மன்றத்துல யாரோ ஈவ்லின்னு ஒரு அம்மா, படத்தப் பாத்தே மருந்து சொல்லுவாங்கன்னீங்களே? போட்டுக் கேளுங்க. நொம்ப வேகமாப் பரவுது."

கேட்கப் போனார். அங்கேதான் முட்டியது. அந்த மன்றத்தில் ஒரு பதிவுக்கு ஒரு படம்தான் ஏறும். கையெழுத்துப் படமும் அந்தக் கணக்கில் சேரும். இலை ஏற வேண்டுமானால் கழுகு இறங்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ம், சொல்லுவீர்கள், சொல்லுவீர்கள்.

"கையெழுத்து இல்லாமப் போட்டா மொட்டைக் கடுதாசின்னு நெனைக்க மாட்டாங்களா, புள்ள?" என்றார் தனபால்.

ஆகவே, "மிளகுக் கொடி இலை கொட்டுகிறது. என்ன செய்யலாம்?" என்று எழுத்தால் மட்டும் கேட்டார். ஒரு மணி நேரத்தில் பதினாலு பதில். கழுகின் இறக்கை பிரமாதம் என்றார்கள். நெருப்பு கொஞ்சம் தூக்கல் என்றார் கிறிஸ்துதாஸ். ஈவ்லின் மட்டும், "இலைப் படம் போடுங்க சார், பார்க்காமச் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தார்.

வால்காரருக்கு மூளை வேலை செய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலையையும் போட வேண்டும், கழுகையும் இறக்கக் கூடாது. இலையைக் கையெழுத்துக்குள்ளேயே வைத்துவிட்டால்? வைத்தார். ஆனால் சும்மா வைக்க மனசு வருமா? மிளகு இலைக்கு இயற்கையிலேயே இதய வடிவம். அதைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, விளிம்பில் மினுக்குத் தூவி, மஞ்சளைத் தங்கமாக்கி, கறுப்புப் பொட்டைச் சுற்றிச் சூரியக் கதிர் வரைந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் ஆறு கொடி பதிமூன்று ஆகியிருந்தது.

மன்றம் அதிர்ந்தது.

"ஹார்ட்டு சூப்பருங்க!"

"கல்யாண நாளுங்களா அண்ணா? அண்ணிக்கு வணக்கம் சொல்லுங்க."

கிறிஸ்துதாஸே இறங்கி வந்து, அந்தத் தங்க நிறம் எந்த ஆப்பில் கிடைக்கும் என்று கேட்டார். அதைப் படித்த தனபாலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! கொடி மொத்தமும் காய்த்துத் தொங்கினாலும் அந்த வெளிச்சம் வந்திருக்காது.

"மருந்து என்னன்னு சொன்னாங்களா?" என்றாள் மேனகா.

"நாப்பத்தொரு பேரு பாராட்டியிருக்காங்க, புள்ள!"

"கொடி பதினெட்டாச்சுங்க."

அடுத்த நாள் காலையில் மேனகா தன் போனை எடுத்தாள். மன்றத்தில் பெயர் கேட்ட இடத்தில் மேனகா என்றும் ஊர் கேட்ட இடத்தில் ஏற்காடு என்றும் போட்டாள். பட்டம் கேட்ட இடத்தைக் காலியாக விட்டாள். மழையில் நனைந்த ஒரு இலையை உள்ளங்கையில் வைத்து, அப்படியே படம் எடுத்து ஏற்றி, "இது என்ன நோய்ங்க?" என்று கேட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் ஈவ்லினின் பதில் வந்துவிட்டது. தனபால் காதில் விழும்படி மேனகா உரக்கப் படித்தாள்.

"வாடல் நோய்ம்மா. வேர்ல தண்ணி தேங்குது. இன்னைக்கே வடிகால் வெட்டுங்க. காய்ஞ்ச கொடியை வேரோட எடுத்துடுங்க. மத்ததுக்கு வேர்ல போர்டோ கலவை ஊத்துங்க. நாள் தள்ளினா தோட்டமே போயிடும்."

கீழே இன்னொரு வரி இருந்தது. அதை இன்னும் உரக்கப் படித்தாள்.

"இதே மாதிரி இலையை உங்க மலைக்காரர் ஒருத்தர் கையெழுத்துல பார்த்தேன். அழகுக்கு வரைஞ்சதுன்னு விட்டுட்டேன். தெரிஞ்சவரா இருந்தா சொல்லிடுங்கம்மா, பாவம், அவர் கொடியும் போயிடப் போகுது."

தனபால் மண்வெட்டியை எடுத்தார். நாலு நாள் இரண்டு பேருமாக மழையில் நின்று வடிகால் வெட்டினார்கள், மருந்து ஊற்றினார்கள். இருபத்தொன்று போய் முப்பத்தொன்பது நின்றது. நின்ற கொடியையெல்லாம் மேனகா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். தனபாலும் பின்னாலேயே போனார். ஆள் திருந்திவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

அன்று சாயந்தரம் மன்றத்தில் ஈவ்லினுக்கு அவர் "நன்றி" என்று எழுதினார். அதற்குக் கீழே கழுகு, நெருப்பு, கண்ணாடி எல்லாம் அப்படியே. இலையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மண்வெட்டி மினுக்கியது. பட்டமும் மாறியிருந்தது: 'வடிகால் வேந்தர்'.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று காலை நீங்கள் யாருக்கோ அனுப்பிய காலை வணக்கத்துக்கு அடியில் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, உங்கள் பெயர், பெயருக்கு முன்னால் 'அன்புடன் உங்கள்' என்று ஒன்றுமே இல்லையா? நல்லது. இதைப் படித்ததற்கு "அருமை" என்று ஒரு சொல் எழுதி அனுப்புவீர்கள் அல்லவா? அனுப்புவதற்கு முன்னால் எதற்கும் ஒருமுறை பின்பக்கம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.