கடைசிப் பொது உறுப்பினர்

உலகத்தில் எத்தனையோ பெரிய பதவிகள் உண்டு. பனையடிப்பிட்டி மக்கள் உலக ஒன்றியத்தின் தலைவர் பதவியும் அவற்றில் ஒன்று என்பதைப் பனையடிப்பிட்டிக்கு வெளியே உள்ளவர்கள் இன்னும் அறியவில்லை. அது அவர்களுடைய குறை. ஊரைவிட்டுப் போனவர்களால் பல நாடுகளில் கிளை பரப்பிய அந்த மாபெரும் ஒன்றியம் உலகத் தலைவரைத் தெரிவு செய்யுமுன், ஒவ்வொரு நாடும் முதற்சுற்று வாக்கெடுப்பு நடத்தித் தன் வேட்பாளரை அறிவிக்கவேண்டும். அமெரிக்காக்காரரைப் பார்த்து இந்த முறையை ஒன்றியத்தின் சட்டவிதிகளான யாப்பில் எழுதியவர் பெரிய படிப்பாளி. எழுதி முடித்த கையோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

கனடாவில் இந்தமுறை போட்டியே இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிளைத் தலைவர் அமிர்தநாதருக்கு மார்க்கம் நகரில் பெரிய வீடு. அவர் இருமினாலும் வழிமொழிய ஆள் உண்டு. அவருக்கு எதிராக ரூஜ் பகுதியிலிருந்து விநாயகமூர்த்தி மனுக் கொடுத்தபோது, தேர்தல் ஆணையாளர் ஸ்ரீஸ்கந்தராசா, "எந்த விநாயகமூர்த்தி?" என்று கேட்டார். கேட்டது விநாயகமூர்த்தியிடமே.

மனுசனுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததற்குக் காரணம் மகளின் கலியாணம். அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்னாள் உபதலைவர் அவர்களே என்று மூச்சுவிடாமல் வரவேற்றுவிட்டு, கடைசியில் "பெண்ணின் தகப்பனார் உட்பட ஏனைய அனைவரையும்" என்று முடித்தார். அன்று விநாயகமூர்த்திக்குத் தன் மகளின் கலியாணச் சோறே இறங்கவில்லை. பாவம்தான். ஒருதரம், ஒரேயொருதரம், தன் பெயரை முழுதாக மைக்கில் சொல்லி ஒரு பொன்னாடை தன் தோளில் விழவேண்டும். அதற்கு உலகத் தலைவராவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

"பொன்னாடை கடையில விக்குதப்பா. வாங்கி நானே போத்துவிடுறன்," என்றாள் மனைவி கமலாம்பிகை.

"மைக்?" என்று கேட்டார் அவர்.

தேர்தல் வியூகத்துக்கு லெஸ்லி அமர்த்தப்பட்டார். லெஸ்லி அயலூர்க்காரர், ஒன்றியத்தில் வாக்கில்லாதவர். வீடு விற்பவர். பஸ் தரிப்பிட வாங்குகளில் விளம்பரப் படமாக அவருடைய சிரிப்பு இருக்கும். அதன்மேல் உட்காராத ஸ்காபரோத் தமிழர் குறைவு. முன்பு ஒருவருக்குப் பள்ளிச்சபைத் தேர்தலில் ஆலோசனை சொல்லியிருக்கிறார். அந்த ஆள் தோற்றார். லெஸ்லிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

"அண்ணை, நீங்கள் அண்டர்டோக்," என்றார் லெஸ்லி.

தன்னை நாய் என்கிறார் என்று விநாயகமூர்த்தியின் முகம் கறுத்தது.

"கோவிக்காதேங்கோ. தோப்பான் எண்டு எல்லாரும் நினைக்கிற ஆள் எண்டு அர்த்தம். இப்ப அதுக்குத்தான் மவுசு. முன்னுக்கு நிக்கிறவனை ஒருத்தருக்கும் பிடிக்காது."

"அப்ப எனக்கு எத்தினை வோட் வரும்?"

லெஸ்லி மடிக்கணினியைத் திறந்தார். அதில் நிறநிறமாக வட்டங்கள் சுழன்றன. "உங்கட வோட் ஒண்டு. அக்காவும் போட்டா ரெண்டு."

"அவ போடுவா."

"டேட்டா அப்பிடிச் சொல்லேல்லை."

முதலில் நாகரிகமான வழிகள் எல்லாம் பார்க்கப்பட்டன. விநாயகமூர்த்தி தலைமூடி வைத்த சட்டை போட்டுப் பொட்காஸ்ட் பேசினார். அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் அவரும் லெஸ்லியும். பிறகுதான் லெஸ்லி ஒன்றியத்தின் யாப்பைப் படித்தார். அதைப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். அதில் ஒரு விதி: 'பதவி வகிப்போர் நடுநிலை பேண வேண்டியவர்களாதலால், முதற்சுற்றில் வாக்களித்தல் ஆகாது.'

"அண்ணை, எங்கட வோட்டைக் கூட்டேலாது. அமிர்தநாதரின்ர வோட்டைக் குறைக்கலாம்."

"என்னெண்டு?"

"அவற்ற ஆக்களுக்குப் பதவி குடுப்பம்."

பனையடிப்பிட்டியார் எதையும் மறுக்கக்கூடியவர்கள். விமானநிலையத்துக்கு ஏற்றிப்போகக் கேட்டால் மறுப்பார்கள், சோபா தூக்கக் கூப்பிட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். பதவியை மறுத்த ஒருவர் மட்டும் அந்த ஊரில் பிறந்ததில்லை. ஒன்றியத்தின் எந்தக் கூட்டத்திலும் யாரும் புதுப் பதவியை முன்மொழியலாம். எதிர்ப்பவருக்கு அடுத்த பதவி கிடைக்காது என்பதால் எவரும் எதிர்ப்பதுமில்லை.

அடுத்த கூட்டத்திலேயே விநாயகமூர்த்தி எழுந்து, அமிர்தநாதரின் வலதுகையான தில்லையம்பலத்தை வாகனத் தரிப்பிடச் செயலாளராக முன்மொழிந்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது. தில்லையம்பலம் கண்கலங்கி, "எதிர்ப்பக்கம் நிண்டாலும் பண்பான மனுசன்," என்றார். தொடர்ந்து பனிக்காலச் செயலாளர், கோடைகாலச் செயலாளர் நியமனமாயினர். இலையுதிர்காலம் புறக்கணிக்கப்படுவதாக ஒருவர் கொதித்தெழ, அவரும் நியமனமானார். பேபி அன்ரி கொத்துரொட்டி ஒருங்கிணைப்பாளர். மிசிசாகாவில் ஒன்றியத்துக்கு ஒரேயொரு குடும்பம். கணவர் மேற்குப் பிராந்தியத் தூதுவராகவும், மனைவி தூதுவருடனான இணைப்பாளராகவும் ஆனார்கள். ஒரே வீட்டில் இருந்ததால் இணைப்பு வேலை சுலபமாயிருந்தது.

அமிர்தநாதர் மடையர் அல்ல. தன் பக்கம் ஆள் கரைவதைக் கண்டதும், எதிர்ப்பக்கம் சாயக்கூடியவர்களுக்கெல்லாம் அவரும் பதவி கொடுக்கத் தொடங்கினார். கடைசியில் கமலாம்பிகை தேநீர்ப் பிரிவுத் தலைவியானாள்.

"நீர் ஏனப்பா ஓமெண்டனீர்?" என்று அலறினார் விநாயகமூர்த்தி.

"தலைவி எண்டு மைக்கில சொல்லிப்போட்டினம். பிறகு என்னெண்டு மாட்டன் எண்டுறது?"

அவளுடைய பொன்னாடை அலுமாரியில் தொங்கியது. ஒருநாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு விநாயகமூர்த்தி அதைத் தொட்டுப் பார்த்தார்.

வாக்கெடுப்பு ஞாயிறு மத்தியானம், ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பதவியாளர் எல்லோரும் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். கதிரை போதாமல் பின்வரிசை நின்றது. ஆளுக்கொரு திரி ஏற்றி முடிக்குமுன் குத்துவிளக்கில் எண்ணெய் வற்றிவிட்டது. கீழே வரிசை வரிசையாகக் கதிரைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது.

லெஸ்லி ஓடிவந்து காதுக்குள் சொன்னார்: "அண்ணை, வோட்டர் ஒராள்தான் மிச்சம். அது நீங்கள்! உங்களுக்கே போடுங்கோ. ஒண்டுக்குப் பூச்சியம். உலகத்திலயே ஆரும் இப்பிடி வெண்டதில்லை!"

விநாயகமூர்த்தி வாக்குச் சீட்டோடு எழுந்தார். நடந்தார். பெட்டிக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

"ஒரு சிறு முன்மொழிவு," என்று மைக்கில் அமிர்தநாதரின் குரல் கேட்டது. "நமது ஒன்றியத்தில் சபையோருக்கென ஒரு செயலாளர் இல்லாதது பெருங்குறை. அக்குறை நீங்க, ரூஜ் தந்த சேவைச் செம்மல், திருவாளர் கந்தப்பிள்ளை விநாயகமூர்த்தி அவர்களை, சபையோர் விவகாரச் செயலாளராக மேடைக்கு அழைக்கின்றேன்!"

தகப்பன் பெயரோடு, ஓரெழுத்துக் குறையாமல், மண்டபம் முழுக்க ஒலித்தது. தில்லையம்பலம் பொன்னாடையை விரித்துப் பிடித்தார். கத்தரிப்பூ நிறம், தங்கக் கரை.

"அண்ணை, முதல்ல வோட்டைப் போடுங்கோ! அரை நிமிசம்!" என்று லெஸ்லி கத்தினார். மேடையில் கமலாம்பிகை தலையை ஆட்டி ஆட்டி மேலே வரவேண்டாம் என்றாள்.

விநாயகமூர்த்திக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் என்ன? ஆனால் விரித்த பொன்னாடையோடு ஒரு மனிதர் காத்து நிற்கிறார். அவருக்குக் கை உளையாதா? சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். படியேறினார். பொன்னாடை தோளில் விழுந்தபோது மனுசன் அழுதேவிட்டார்.

ஆணையாளர் ஸ்ரீஸ்கந்தராசா பெட்டியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். "பூச்சியத்துக்குப் பூச்சியம். சமநிலையானால் கிளைத் தலைவராக இருப்பவரே வென்றவர். ஆட்சேபனை தெரிவிக்கும் உரிமை பதவியில்லாத பொது உறுப்பினருக்கு மாத்திரம் உண்டு. அப்படி யாராவது இருந்தால் கீழே எழுந்து நிற்கவும்."

மேடையிலிருந்த அத்தனை பேரும் வெறுங்கதிரைகளை உற்றுப் பார்த்தார்கள்.

"ஏகமனதாக!"

கீழே நின்ற லெஸ்லியின் மேல் அமிர்தநாதரின் கண் விழுந்தது. அயலூர் ஆலோசகர் என்று ஒரு பதவி அறிவிக்கப்பட்டது. லெஸ்லி கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு படியேறினார்.

அமிர்தநாதர் காலிக் கதிரைகளைப் பார்த்து, "என் அன்பான மக்களே," என்று ஏற்புரையைத் தொடங்கினார். விநாயகமூர்த்தி வசனத்துக்கு வசனம் பலமாகக் கைதட்டினார்.

"உங்களைத் தோற்கடிச்ச மனுசனுக்கு ஏனப்பா இப்பிடித் தட்டுறியள்?" என்று கமலாம்பிகை பல்லைக் கடித்தாள்.

"நான் சபையோர் செயலாளரல்லோ," என்றார் அவர். "சபையில ஆளில்லை. அப்ப நான்தானே தட்டவேணும்."