மயில் அலங்காரம் பேரில் நாற்பத்தோரு ரசீது

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிப்பேன் என்றுதானே பார்த்தீர்கள்? இருந்தது, இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அது கையெழுத்துப் போடுவதோடு சரி. நம் கதை அதன் குகைக்குப் பின்னால், புளியமரத்தடியில் இருந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. "குட்டி, குஞ்சு பராமரிப்பு வசூல் பிரிவு" என்று பலகை தொங்கும். பிள்ளைகளைப் பெற்றுவிட்டுக் கம்பி நீட்டிய அப்பன்மாரைத் தேடிப் பிடித்து, அதுகளின் சாப்பாட்டை வாங்கித் தருவதுதான் அங்கே வேலை.

வசூல் அலுவலர் முத்துப்பேச்சி. உடும்பு. பதினோரு வருஷ சர்வீஸ். அவள் கையாண்ட முறை ரொம்ப எளிமையானது. ஓடிப்போன அப்பன் கண்ணில் பட்டால் காலைக் கவ்வுவாள். சாப்பாடு வந்து சேரும்வரை விடமாட்டாள். ஒரு காட்டுப்பன்றி அவளைக் காலில் தொங்கவிட்டுக்கொண்டே மூன்று நாள் காடு முழுக்கத் திரிந்து பார்த்தது. நாலாம் நாள் வாய் நிறையக் கிழங்கோடு தானே அலுவலகத்துக்கு வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்காவது பொறுக்குமா? மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்பன்மாருக்கும் மனசு உண்டு, அது புண்படக் கூடாது. இனிமேல் வசூல் அலுவலர்கள் வாயால் பேசலாம், வாயால் பிடிக்கக் கூடாது. ஆளுக்கொரு செல்போன் கொடுத்தார்கள். அன்றோடு வசூல் படுத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் செண்பகவடிவு வந்தாள். பெண்மயில். முள்வேலியில் கிழிந்த காலை இழுத்துக்கொண்டு, இரண்டு குஞ்சுகளை இறக்கைக்குள் ஒளித்துக்கொண்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"மேடம், சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள்.

அது விசாரிப்பு இல்லை, பயம். உடும்புகளுக்கு முட்டை என்றால் உயிர் என்பதும், குஞ்சு கிடைத்தால் அதையும் விடாது என்பதும் காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"வயிறு முட்டச் சாப்பிட்டாச்சு தாயி, உள்ள வா. முட்டை, குஞ்சு எல்லாத்தையும் வேலைக்குச் சேந்த அன்னைக்கே விட்டுட்டேன். இப்ப வெறும் கறையான்தான்," என்றாள் முத்துப்பேச்சி.

வடிவு கதையைச் சொன்னாள். புருஷன் பேர் அலங்காரம். தோகை ஒன்றுதான் சொத்து. குஞ்சு பொரித்த அன்றைக்கு "மழை வர்ற மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துடறேன்" என்று போனவன்தான். கால் நன்றாக இருந்தவரை அவளே மண்ணைக் கிளறிப் பிள்ளைகளுக்குப் போட்டாள். இப்போது நிற்கவே முடியவில்லை. குஞ்சுகள் இரண்டும் இறக்கைக்கு வெளியே தலையை நீட்டி, மேஜைமேல் இருந்த முத்துப்பேச்சியின் தூக்குச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன.

முத்துப்பேச்சி அன்றே உத்தரவு எழுதினாள். தினமும் காலையில் இரண்டு கொட்டாங்குச்சி கறையான் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பிறகு அலங்காரத்துக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. பதினாலு தடவை போட்டாள். கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது. "மேடம், நான் சிக்னலே இல்லாத இடத்துல இருக்கேன். கஷ்ட ஜீவனம். கறையானைக் கண்ணால பாத்து மாசக்கணக்காச்சு."

பேசி முடித்த ஐந்தாம் நிமிஷம் ஸ்டேட்டஸ் போட்டான். தூறலில் தோகை விரித்து ஆட்டம். எதிரே மூன்று பெண்மயில்கள். பக்கத்தில் தட்டு நிறையக் கறையான்.

முத்துப்பேச்சி அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் ஆமையிடம் ஓடினாள். ஆமை அய்யா படத்தைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா ஆடறாப்ல," என்றார். "சரிம்மா. மொதல் அறிவிப்பு அனுப்பு. நாப்பது நாள் பொறுத்து ரெண்டாவது அனுப்பு. அதுக்கும் நாப்பது நாள் பொறுத்து மூணாவது."

"குஞ்சுங்க நாலு நாள் தாங்காதுங்கய்யா."

"அதை எழுதப் படிவத்துல எடமில்லையேம்மா," என்றார் ஆமை அய்யா. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார், பாவம்.

முத்துப்பேச்சிக்கு ஒரு காலைக் கவ்வ வேண்டும்போல் இருந்தது. பல்லெல்லாம் நமநமவென்றது. தன் சீட்டுக்கு வந்து, தூக்குச்சட்டியைத் திறந்து வடிவு முன்னால் வைத்தாள். "பிள்ளைங்களுக்குக் குடு தாயி."

"அவர் குடுத்தாரா?"

"இல்ல. என்னோடது."

வடிவு சட்டியைத் திருப்பி நகர்த்தினாள். "வேண்டாம் மேடம். அடுத்தவங்க போட்டு வளந்துச்சுங்கன்னு நாளைக்கு எம்பிள்ளைங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. பெத்தவன் குடுக்கணும். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்?"

வீம்பு பிடித்தவள்! குஞ்சுகள் அழவில்லை. அழத் தெம்பில்லை. அதுதான் முத்துப்பேச்சியை என்னவோ செய்தது.

மறுநாள் காலையில் வடிவு வந்தபோது மேஜைமேல் இரண்டு கொட்டாங்குச்சி கறையான் தயாராக இருந்தது. கூடவே ரசீது. "மயில் அலங்காரம் அவர்களிடமிருந்து பெறப்பட்டது." கீழே முத்திரை. விடிந்ததும் விடியாததுமாகப் புற்றைத் தோண்டியதில் முத்துப்பேச்சியின் நகமெல்லாம் செம்மண். கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வடிவு ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவரா வந்து குடுத்தாரு? ஏதாவது சொன்னாரா?"

இந்த இடத்தில் முத்துப்பேச்சி சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? "பிள்ளைங்க எப்படி இருக்குன்னு கேட்டாரு," என்று சொல்லிவைத்தாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மறுநாள் "கால் எப்படி இருக்குன்னு கேட்டாரு." அதற்கு மறுநாள் "சின்னக் குஞ்சு யாரு ஜாடைன்னு கேட்டாரு." ஓடிப்போன அலங்காரம் அந்த மேஜைமேல் நாளுக்கு நாள் நல்லவனாகிக்கொண்டே வந்தான். குஞ்சுகள் தளதளவென்று வளர்ந்தன. முத்துப்பேச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மயில் ஒருநாள் மனசு மாறிவிடுவான் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். பொய் சொல்கிறவர்களிடம் இதுதான் தொல்லை.

நாற்பது நாள், நாற்பது ரசீது.

காட்டு ஆண்டு விழா வந்தது. முன்மாதிரித் தந்தைக்கு ஒரு விருது கொடுக்க வேண்டும் என்று சிங்கத்துக்குத் தோன்றியது. ஆமை அய்யா பதிவேட்டைப் புரட்டினார். இருநூறுக்கும் மேற்பட்ட அப்பன்மாரில் ஒருநாள்கூடத் தவறாமல் சாப்பாடு கட்டியவன் ஒரே ஒருத்தன்தான்.

முத்துப்பேச்சி போட்ட போனை ஒரு தடவைகூட எடுக்காதவன், விருது என்று ஆமை அய்யா போட்ட போனை முதல் மணியிலேயே எடுத்தான்.

"நானா?" என்றான் அலங்காரம். அரை நொடி யோசித்தான். "ஆமா, நான்தான்," என்றான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழா மத்தியானம். கூட்டம் என்றால் கூட்டம், மரத்துக்கு மரம் குரங்கு. வடிவு சிறகையெல்லாம் நீவிவிட்டுக்கொண்டு, குஞ்சுகளைக் குளிப்பாட்டி அழைத்து வந்திருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஆமை அய்யாவிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"அய்யா, என் மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். நான்தான் அவரைத் தப்பா நெனச்சுட்டேன். இனிமே வீட்டுக்கே வந்து குடுப்பாரு."

ஒரு தாளில் கையெழுத்துப் போட ஒரு மாசம் எடுத்துக்கொள்ளும் ஆமை அய்யா, அதில் ஒரே நிமிஷத்தில் போட்டார். வழக்கு முடிந்தால் அவருக்கு ஒரு கோப்பு குறையும் அல்லவா?

முத்துப்பேச்சிக்குத் திக்கென்றது. வழக்கு இல்லையென்றால் ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் வடிவு கறையானைத் தொடமாட்டாள். இந்தப் பயல் வீட்டுக்கு வருவானா? நாளைக் காலையில் குஞ்சுகள் பட்டினி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வடிவு மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது மைக்கில் அழைத்தார்கள். "முன்மாதிரித் தந்தைக்கு வசூல் அலுவலர் மாலை அணிவிப்பார்!"

முத்துப்பேச்சி மேடையேறினாள். மாலையைப் போட்டாள். குனிந்தபோது அலங்காரத்தின் கால் கண்ணெதிரே இருந்தது. பதினோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கவ்வினாள்.

அலங்காரம் "ஐயோ!" என்று குதித்தான். வலியில் தோகை தானாக விரிந்தது. கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. "ஆடறாரு பாரு! அப்பன்னா இவர்தாண்டா அப்பன்!" என்று ஒரு குரங்கு மரத்திலிருந்து கத்தியது. அவன் இந்தக் காலைத் தூக்கினான், அந்தக் காலைத் தூக்கினான், சுழன்றான். கைதட்டல் காதைப் பிளந்தது.

"விடு தாயே, என்னதான் வேணும் உனக்கு?" என்று கெஞ்சினான்.

வாய் நிறையக் கால் இருந்ததால் முத்துப்பேச்சியால் பேச முடியவில்லை. வாலால் மேடைக்குப் பின்னாலிருந்த புற்றைக் காட்டினாள்.

கழுத்தில் மாலை, காலில் உடும்பு. முன்மாதிரித் தந்தை நொண்டிக்கொண்டே போய்த் தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பிள்ளைகளுக்காக மண்ணைக் கிளறினான். இரண்டு கொட்டாங்குச்சி நிறைந்ததும்தான் அவள் பிடியை விட்டாள்.

முத்துப்பேச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே நாற்பத்தோராவது ரசீதை எழுதினாள். "மயில் அலங்காரம் அவர்களிடமிருந்து பெறப்பட்டது." சத்தியமான வார்த்தை! முத்திரையை இரண்டு தடவை குத்தினாள். குஞ்சுகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்னக் குஞ்சு ஒரு வாய் கொத்திவிட்டு முகத்தைச் சுளித்தது.

"இன்னைக்கு ஒரே மண்ணா இருக்கு," என்றது. "தினமும் வர்றதுதான் நல்லாருக்கும்."

மறுநாள் காலை முத்துப்பேச்சியின் மேஜைமேல் குறிப்பாணை. ஆமை அய்யா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"மூணு மணிக்கு வழக்கு முடிஞ்சுபோச்சு," என்றார். "நாலு மணிக்கு நீ ரசீது போட்டிருக்க. வழக்கே இல்லாதவர்கிட்ட கறையான் வாங்கினா அதுக்குப் பேர் லஞ்சம்மா. காலைக் கவ்வினது தனி. அதை டான்ஸுல சேத்துட்டதால பிழைச்சே."

"அய்யா, அப்ப முன்னால போட்ட நாப்பது?"

"அதுல ஒரு குத்தமும் இல்லையே! அவ்வளவு சுத்தமான ரசீதை நான் பாத்ததே இல்ல. இந்த ஒண்ணுதான் இடிக்குது."

"அய்யா, அந்த நாப்பதும் பொய்! இது ஒண்ணுதான் உண்மை!"

ஆமை அய்யா தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "விருது வாங்கின தகப்பனைப் பத்தி இப்படிப் பேசாதம்மா. அதுக்கு ஒரு குறிப்பாணை தனியா அடிக்கணும்."

முத்துப்பேச்சி தற்காலிகப் பணிநீக்கம். அலங்காரம் விருதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்றைக்கே பக்கத்துக் காட்டுக்குப் பறந்துவிட்டான். அங்கே முன்மாதிரித் தந்தைக்கு ஏகப்பட்ட கிராக்கியாம்.

அதற்கடுத்த நாள் காலையில் முத்துப்பேச்சி இரண்டு கொட்டாங்குச்சியோடு வடிவின் புதருக்கு முன்னால் போய் நின்றாள். ரசீது இல்லை, முத்திரை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பக்கத்துக் காட்டுலேர்ந்து குடுத்தனுப்பிச்சாரு தாயி."

வடிவு அவள் கையைப் பார்த்தாள். நகத்திலிருந்த செம்மண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். எப்போதிலிருந்து தெரியுமோ, யார் கண்டது? கொட்டாங்குச்சிகளை வாங்கிக் குஞ்சுகள் முன்னால் வைத்தாள்.

"சரிங்க மேடம்," என்றாள். "அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நாளைலேர்ந்து பிள்ளைங்களோட அவரும் இங்கயே ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டும். ரொம்ப எளைச்சுட்டாரு."

நீதி: பொய் ரசீது எழுதுவது என்று இறங்கிவிட்டால் கடைசிவரை அதையே எழுதுக, நடுவில் ஒருநாள் ஆசைப்பட்டு உண்மையை எழுதினால் வேலை போய்விடும்.